அஸ்தானே பயம்: அச்சமும் தைரியமும் பற்றிய ஒரு விசாரம்



திவ்யதேசங்களில் திவ்யப்ரபந்த ஸேவாகாலம் ஓர் அச்சத்தோடு தொடங்குகிறது. முதலில் அநுஸந்திக்கப்படும் திருப்பல்லாண்டு, எம்பெருமானுக்கு என்ன தீங்கு நேருமோ என்று பெரியாழ்வார் திருவுள்ளம் நடுங்கியதன் பலனாகப் பிறந்த பிரபந்தம். பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன் ஸபையிலே பரதத்த்வத்தை நிலைநாட்டி, பொற்கிழியைப் பெற்று, யானைமேல் மதுரை வீதியிலே ஆழ்வார் எழுந்தருளுகிறார். அக்கோலத்தைக் கண்டு மகிழ எம்பெருமான் பிராட்டியோடே பெரிய திருவடிமேல் ஆகாசத்திலே வந்து ஸேவை ஸாதிக்கிறான். ஆழ்வாருக்கு அப்போது தம் வெற்றி நினைவில் இல்லை. கேட்கவேண்டிய வரம் ஏதும் நினைவில் இல்லை. காலத்துக்கு வசப்பட்ட இந்நிலத்திலே, கண்டார் கண் படும்படி, இத்திருமேனி வந்து நின்றதே என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு பன்னிரண்டு பாசுரங்களால் அவனுக்குக் காப்பிட்டார்.

இவ்வச்சத்தை வ்யாக்யாதாக்கள் 'அஸ்தானே பயம்' என்று வழங்குவர். அஞ்சவேண்டாத இடத்தில் எழுந்த அச்சம் என்பது பொருள். சரணாகதியின் பலன் அச்சம் நீங்குகை என்றும், ப்ரபந்நன் மார்பிலே கைவைத்து உறங்கலாம் என்றும் பேசுகிற ஸம்ப்ரதாயமே, அஞ்சின ஆழ்வாரைப் பெரியாழ்வார் என்று கொண்டாடுகிறது. பரிவின் மிகுதியே அத்திருநாமத்துக்குக் காரணம் என்று உபதேசரத்தினமாலையில் மணவாள மாமுனிகள் காட்டியருளினார். வேதத்துக்கு ப்ரணவம் எப்படியோ அப்படி அருளிச்செயல்களுக்குத் திருப்பல்லாண்டு என்றும் அங்கேயே நிர்வஹித்தார். அச்சமின்மையைப் பலனாகச் சொல்லும் தர்சநம், ஓர் அச்சத்தை ஆதியாக வைப்பது எங்ஙனே பொருந்தும்? இதற்கு விடை காணாமல், தைரியம் என்னும் சொல்லுக்கு ஸம்ப்ரதாயத்தில் உள்ள பொருளை அறிய இயலாது.

ஒரே சொல், இரண்டு இடங்கள்

'அஸ்தானம்' என்னும் சொல் ஆளவந்தாருடைய கீதார்த்தஸங்க்ரஹத்திலும் வருகிறது. அங்கே அது அர்ஜுநனைப் பற்றியது. இடமல்லாத இடத்தில் வைத்த ஸ்நேஹத்தாலும் இரக்கத்தாலும், தர்மம் எது அதர்மம் எது என்ற மயக்கத்தாலும் அவன் கலங்கினான். அக்கலக்கத்தைத் தீர்க்கவே சாஸ்த்ரம் அவதரித்தது என்பது ஆளவந்தார் திருவுள்ளம். ஆகவே அர்ஜுநனிடத்தில் அஸ்தானம் ஒரு நோய். கீதை அதற்கு மருந்து. பெரியாழ்வாரிடத்தில் அதே அஸ்தானம் ஒரு பெருமை. அதைத் தீர்க்க ஒரு மருந்தும் தேடப்படவில்லை.

இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்காமல் இருப்பதால் இரண்டு எளிய விடைகள் உபந்யாஸங்களில் வழங்கிவருகின்றன. ஆழ்வார் உண்மையில் அஞ்சவில்லை, அன்பைக் காட்ட அஞ்சினாற்போலே பாடினார் என்பது ஒன்று. அன்பின் மிகுதியால் அவருக்கு அந்நேரம் தத்த்வஜ்ஞானம் மறைந்தது, அது மன்னிக்கத்தக்க அஜ்ஞானம் என்பது மற்றொன்று. முதல் விடை ஆழ்வாருடைய பரிவை அபிநயமாக்குகிறது. இரண்டாவது விடை அதைக் குற்றமாக்கி, பின்பு பொறுத்துக்கொள்கிறது. இரண்டும் வ்யாக்யானங்களின் போக்குக்கு ஒவ்வாதவை. மங்களாசாஸனம் ஸ்வரூபத்துக்குச் சேருமோ என்ற கேள்வியை ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் தாமே எழுப்பி, ஜ்ஞான தசையில் ரக்ஷகனும் ரக்ஷ்யமும் தத்தம் நிலையில் நிற்கும் என்றும், ப்ரேம தசையில் அவை இடம் மாறும் என்றும் தெளிவித்தார். அங்கே ப்ரேமம் ஜ்ஞானத்தின் குறைவாகப் பேசப்படவில்லை. அதன் முதிர்ச்சியாகவே பேசப்படுகிறது. ஜ்ஞானம் முதிர்ந்து அன்பாகி, அன்பு முதிர்ந்து அச்சமாகிறது.

அச்சத்தின் இலக்கணம்

ஸ்ரீகீதையின் பதினாறாம் அத்யாயம் தெய்வத்தன்மையுள்ள குணங்களை எண்ணத் தொடங்கும்போது அபயத்தையே முதலில் எண்ணுகிறது. அவ்விடத்தில் எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் அச்சத்துக்கு ஓர் இலக்கணம் அருளிச்செய்கிறார். வேண்டியதன் பிரிவும் வேண்டாததன் சேர்க்கையும் துக்கமாம். அத்துக்கத்துக்குக் காரணமானதைக் காண்கையாலே உண்டாகும் துக்கம் அச்சமாம். அது நீங்குகை அபயமாம் என்பது அதன் கருத்து.

இவ்விலக்கணத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. அச்சத்தின் வேர் வேண்டியது எது என்பதில் இருக்கிறது. உடலே வேண்டியது என்றிருப்பவனுக்கு உடலைப் பற்றிய அச்சம் உண்டாகும். பொருளே வேண்டியது என்றிருப்பவனுக்குப் பொருளைப் பற்றிய அச்சம் உண்டாகும். அச்சத்தை நீக்க இரண்டு வழிகளே உள்ளன. எதையும் வேண்டாதிருப்பது ஒரு வழி. வேண்டியது மாறும்போது பழைய அச்சம் பற்றுக்கோடின்றித் தானே கழிவது மற்றொரு வழி. முதல் வழியால் வருவது உதாஸீநம். கல்லுக்கும் அச்சமில்லை, அதனால் கல்லைத் தீரன் என்பாரில்லை. ஸம்ப்ரதாயம் காட்டுவது இரண்டாம் வழி.

திருப்பல்லாண்டின் அமைப்பே இதற்குச் சான்று. முதல் இரண்டு பாசுரங்களில் ஆழ்வார் தாமே காப்பிடுகிறார். தாம் ஒருவர் போதாது என்று தோன்ற, அடுத்த மூன்று பாசுரங்களில் துணைக்கு ஆள் அழைக்கிறார். அவனுக்குத் தொண்டு செய்வதையே பலனாகக் கொண்டவர்களை அழைப்பது இயல்பு. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. மூப்பும் சாவும் தீர்ந்து தன் ஆத்மாவைத் தானே அநுபவிக்க விரும்பும் கைவல்யார்த்திகளையும், செல்வத்தை விரும்பும் ஐச்வர்யார்த்திகளையும் அழைக்கிறார். முன்னவர்க்குச் சாவைப் பற்றிய அச்சம். பின்னவர்க்கு வறுமையைப் பற்றிய அச்சம். அவர்கள் வந்து சேர்ந்து, தத்தம் வாயால் பல்லாண்டு பாடுமளவும் பிரபந்தம் நடக்கிறது. அவர்களுடைய அச்சத்தை ஆழ்வார் வாதத்தால் நீக்கினார் என்று எங்கும் இல்லை. எல்லார்க்கும் வேண்டியதாக ஒரு திருமேனியைக் காட்டினார், பழைய அச்சங்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

வலிமையைக் கண்டு தீரும் அச்சமும் வளரும் அச்சமும்

தனக்காக அஞ்சுவதற்கும் அவனுக்காக அஞ்சுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஸ்ரீராமாயணத்தில் ஒருவரிடத்திலேயே காணலாம். அவர் ஸுக்ரீவ மஹாராஜர்.

ருச்யமூகத்திலிருந்து வில்லேந்திய இருவரைக் கண்டபோது, இவர்கள் வாலி அனுப்பியவர்களோ என்று அவர் நடுங்கி மலைக்கு மலை தாவினார். தோழமை செய்துகொண்ட பின்பும் அச்சம் தீரவில்லை. துந்துபியின் எலும்புக்கூட்டைப் பெருமாள் கால் விரலால் உந்தியெறிந்தார். ஏழு ஸால மரங்களை ஓரம்பால் துளைத்தார். அதன்பிறகே மஹாராஜர் தெளிந்தார். இது தன்னைப் பற்றிய அச்சம். ரக்ஷகனுடைய வலிமையைக் கண்டால் இது தீரும்.

பின்பு கடற்கரையில் ஸ்ரீவிபீஷணாழ்வான் வந்து சரணம் புகுகிறான். அப்போது மஹாராஜர் மறுபடியும் அஞ்சுகிறார். இவனைக் கொல்லவேண்டும் என்றே சொல்கிறார். ஸால மரங்களைத் துளைத்த அம்பை அவர் மறக்கவில்லை. வாலி வீழ்ந்ததை நேரில் கண்டவர். விரல் நுனியாலே உலகத்து ராக்ஷஸர் அனைவரையும் தாம் முடிக்கவல்லார் என்று பெருமாள் சொல்லியும் அவருக்கு ஆறவில்லை. இங்கே வலிமையைக் காண்பது அச்சத்துக்கு மருந்தாகவில்லை.

திருப்பல்லாண்டு வ்யாக்யானத்தில் பெரியவாச்சான் பிள்ளை காட்டும் நுட்பமும் இதுவே. ஆழ்வாருடைய அச்சத்தைத் தீர்க்க எண்ணி எம்பெருமான் மல்லரை வென்ற திருத்தோள்களைக் காட்டினான். அத்தோள்களே புதிய அச்சத்துக்கு விஷயமாயின. பிராட்டியைக் காட்டினான், அச்சேர்த்திக்கும் கண் படுமே என்று அஞ்சினார். திருவாழியையும் திருச்சங்கையும் காட்டினான். அவற்றுக்கும் சேர்த்துக் காப்பிட்டார். வீரனான மகனின் தோள்களைக் காணும் தாய்க்கு, இவன் இத்தோள்களை நம்பிப் போர்க்களம் புகுவானே என்ற கலக்கமே மிகும். வலிமை என்பது ஆபத்துக்கு எதிரே செல்லும் தகுதி. ஆகையால் அன்புடையார்க்கு வலிமை ஆறுதலாகாது.

இதிலிருந்து ஒரு பரீக்ஷை கிடைக்கிறது. அவனுடைய பெருமையைக் கேட்டு அடங்கும் அச்சம் தன்னைப் பற்றியது. அதைக் கேட்கக் கேட்க மிகும் அச்சம் அவனைப் பற்றியது. முதல் அச்சம் இருக்குமிடத்தில் விச்வாஸத்தை உபதேசிக்கவேண்டும். இரண்டாம் அச்சம் இருக்குமிடத்தில் விச்வாஸத்தை உபதேசிப்பது வீண். அங்கே விச்வாஸம் முன்னமே முற்றியிருக்கிறது.

அச்சம் தைரியமாகும் இடம்

ஸ்ரீவசநபூஷணம் இவ்வாறு அஞ்சினவர்களை ஒரு வரிசையாக நினைவூட்டுகிறது. பதினாறு பிராயம் நிரம்பாத பிள்ளை என்று சொல்லி விச்வாமித்ர மஹர்ஷியிடம் மன்றாடின சக்ரவர்த்தி. முடிசூடப் புறப்பட்ட நாயகனுக்கு நான்கு திக்குகளிலும் திக்பாலர்களைக் காவல் வேண்டின பிராட்டி. தம் திருமாளிகையிலேயே கண்ணபிரானுக்கு இட்ட ஆஸநத்தைக் கையால் தடவிப் பார்த்த விதுரர். நம்பெருமாள் புறப்பாட்டில் உருவின வாளோடு முன்னே நடந்த பிள்ளை உறங்காவில்லி தாஸர் முதலானோர். அவ்வரிசையை அடுத்து ச்ருங்கிபேரபுரத்து இரவு வருகிறது. இளைய பெருமாளை ஸ்ரீகுஹப் பெருமாள் ஐயுற்றார். அவ்விருவரையும் குஹனுடைய பரிகரம் ஐயுற்றது. எல்லாரும் வில்லும் கையுமாய் விடியுமளவும் விழித்திருந்தனர். மார்பிலே கைவைத்து உறங்கத் தகுந்தவர்கள் ஒருவரும் அன்று உறங்கவில்லை.

இவர்களில் குஹனுடைய செயலைத் தொடர்ந்து பார்த்தால் தைரியத்தின் பிறப்பு விளங்கும். சில நாளைக்கெல்லாம் ஸ்ரீபரதாழ்வான் பெருஞ்சேனையோடே கங்கைக்கரை வந்து சேர்ந்தான். குஹன் ஒரு வேடர் தலைவன். எதிரே நிற்பது கோஸல நாட்டுப் படை. பெருமாளுக்குத் தீங்கு எண்ணி வந்தானோ என்று அஞ்சின குஹன், ஐந்நூறு ஓடங்களை ஆற்றில் நிறுத்தி, ஓடம் ஒன்றுக்கு நூறு பேராகத் தன் ஆட்களை நிறைத்து, துறையை மறித்தான். தன் உயிரைப் பற்றிய கணக்கு அவனிடத்தில் இல்லை. பெருமாளுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் இல்லையாகில், அப்படைக்கு எதிரே நிற்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அச்சமும் தைரியமும் இங்கே பகைப்பொருள்களாக நிற்கவில்லை. அச்சமே கையும் காலும் பெற்று ஓடங்களாக நின்றது.

அர்ஜுநனுடைய அஸ்தானம் எது என்பதும் இப்போது விளங்கும். முதல் அத்யாயத்தில் அவன் தனக்காக மட்டும் அஞ்சினான் என்று சொல்ல முடியாது. பீஷ்மர், த்ரோணர், மாதுலர், பிள்ளைகள், பேரர் என்று பிறர்க்காகவும் அஞ்சினான். ஆனால் தேரில் தனக்கு முன்னே, ஆயுதம் எடேன் என்ற ப்ரதிஜ்ஞையோடே, வரும் அம்புகளுக்கெல்லாம் முதல் இலக்காக ஒருவன் அமர்ந்திருக்கிறான். அர்ஜுநன் எண்ணின பெயர்களில் அவன் பெயர் இல்லை. அம்மறதியே அஸ்தானம். அவ்வச்சம் காண்டீவத்தைக் கீழே நழுவச் செய்தது.

பீஷ்ம பர்வத்தில் ஒன்பதாம் நாள் நிலை மாறுகிறது. அர்ஜுநன் பிதாமஹரிடத்தில் தாக்ஷிண்யத்தோடே போரிடுவதைப் பொறாமல் கண்ணபிரான் தேரிலிருந்து குதித்து, சம்மட்டியைக் கையில் கொண்டே பீஷ்மரை நோக்கி ஓடினான். அர்ஜுநன் பின்னே ஓடிப் பிடித்து, பத்தாம் அடியில் நிறுத்தினான். உன் வாக்கு பொய்யாகலாகாது, இப்பாரம் என்னுடையது என்று விண்ணப்பித்தான். அவனுடைய வாக்குக்குக் குறை வருமே என்று அஞ்சின அந்நேரத்திலே, முன்பு நழுவின வில்லை ஏந்தும் தைரியம் வந்தது. இரண்டு நாளும் அஞ்சினவன் ஒருவனே. அச்சத்தின் விஷயம் மாறிற்று. அதன் பலனும் மாறிற்று.

அபயம் தருகிறவனுடைய அச்சம்

அவனுக்காக அஞ்சுவது அஜ்ஞானத்தின் காரியம் என்ற பக்ஷத்தை மறுக்க இரண்டு இடங்கள் போதும். முதலாவது பரமபதம். அங்கே பகைவரும் இல்லை, காலத்தின் ஆட்சியும் இல்லை, நித்யஸூரிகளுக்கு அறியாமையும் இல்லை. ஆயினும் மங்களாசாஸனம் அவர்களுக்கு நித்ய வ்ருத்தி என்பது ஸம்ப்ரதாயம். புதுக்கோட்டையை அடுத்த திருமெய்யத்தில் பள்ளிகொண்ட பெருமானின் குடைவரையைச் சேவித்தவர்கள் திருவனந்தாழ்வான் நஞ்சழல் உமிழ்வதையும், மதுகைடபர்கள் அதற்கு அஞ்சி அகல்வதையும் கல்லிலே கண்டிருப்பர். பெருமானோ கண்வளர்ந்தருளுகிறான். அவன் தன்னைக் காத்துக்கொள்ள எழவில்லை, படுக்கையானவன் பதறுகிறான்.

இரண்டாவது இடம் இன்னும் வலியது. அது பெருமாள் திருவுள்ளம். ஸுவேல மலையிலிருந்து இலங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கோபுரத்தின்மேல் நின்ற ராவணனை மஹாராஜர் கண்டார். பொறுக்கமாட்டாமல் ஒருவராய்ப் பாய்ந்து, தாம் ராகவனுக்குத் தோழனும் அடியவனும் என்று சொல்லி, அவன் முடியைத் தள்ளி மற்போர் புரிந்து மீண்டார். மலைக்கு மலை தாவி ஓடினவரே இப்போது பகைவன் கோபுரத்துக்குத் தாவினார். இதைக் கேட்பார் மெச்சுவர், பெருமாள் மெச்சவில்லை. என்னைக் கேளாமல் இப்படிப்பட்ட ஸாஹஸம் செய்யலாமோ, அரசர்க்கு இது தகாது என்று கடிந்தார். உமக்கு ஒன்று நேர்ந்திருந்தால் ஸீதையைப் பெற்றுத்தான் எனக்கு என்ன பயன் என்றும் சொன்னார்.

தைரியத்தில் ஹிமவானுக்கு ஒப்பானவன் என்று நாரதர் எடுத்துச் சொன்ன அதே பெருமாள் இவர். எல்லாப் பிராணிகளுக்கும் அபயம் அளிப்பது தம் விரதம் என்று சில நாளைக்கு முன்பே உத்கோஷித்தவரும் இவரே. அவருக்கே ஓர் அடியவனை நினைத்து அச்சம் உண்டாயிற்று. மனிதனாக வந்தபடியால் மனித பாவனையைக் காட்டினார் என்று இதைக் கழிக்கலாகாது. ப்ரஜைகளுக்குத் துன்பம் வந்தால் அவர்களைக்காட்டிலும் மிகத் துன்புறுகை பெருமாளுக்குக் குணமாக அயோத்யா காண்டத்தில் பேசப்பட்டது. குணத்தை நடிப்பு என்பது அவதாரத்தையே நடிப்பு என்பதாக முடியும். அனைத்தும் அறிந்தவன் அஞ்சுகிறானாகில், அன்பினால் வரும் அச்சத்துக்கு அஜ்ஞானம் காரணமாக மாட்டாது.

மஹாராஜரைக் கடிந்ததிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகிறது. தன்னை நினையாமல் பாய்வது மட்டும் தைரியத்துக்கு முழு இலக்கணம் ஆகாது. தன்னுயிர் தன்னுடையது என்று நினைத்துக் காப்பதும், தன்னுடையது என்று நினைத்து எறிவதும் ஸ்வாதந்த்ர்யத்தின் இரண்டு முகங்கள். சேஷபூதனுடைய உயிர் சேஷிக்குப் பொருள். அவன் இழக்க அஞ்சும் பொருளை அவனைக் கேளாமல் எறிய எவர்க்கும் உரிமை இல்லை. இலங்கையில் பிராட்டி இதைக் காட்டியருளினாள். ராவணனைத் தன் தேஜஸ்ஸாலேயே சாம்பலாக்கவல்லவள், பெருமாளுடைய ஆஜ்ஞை இல்லை என்பதால் செய்யாதிருந்தாள். அவள் அஞ்சாமல் அவன் முகத்தெதிரே பேசினதும் தைரியம். செய்யவல்லதைச் செய்யாதிருந்ததும் தைரியம்.

பரிவு அடங்கும் எல்லை

பரிவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கடற்கரையில் மஹாராஜர் சொன்னபடி நடந்திருந்தால், சரணம் புகுந்த ஸ்ரீவிபீஷணாழ்வான் கொலையுண்டிருப்பான். பெருமாளுடைய விரதமும் முறிந்திருக்கும். பெருமாளைக் காக்க எழுந்த அச்சம் பெருமாளுடைய ஸ்வரூபத்துக்கே தீங்காக முடிந்திருக்கும். கங்கைத் துறையில் குஹன் அவசரப்பட்டிருந்தால் ஸ்ரீபரதாழ்வான்மேல் அம்பு பட்டிருக்கும். அவனுக்காக அஞ்சுகிறவர்கள் அவன் அடியார்களையே முதலில் ஐயுறுகிறார்கள் என்பதை ச்ருங்கிபேரபுரத்து இரவும் காட்டுகிறது.

இவர்களைக் காத்தது எது? அவன் வாக்கு வந்தபோது மஹாராஜர் அடங்கினார். விபீஷணன் எங்களுக்கு ஒப்பாகக் கூட இருக்கட்டும் என்று தாமே இசைந்தார். ஸ்ரீபரதாழ்வானுடைய நெஞ்சை அறிந்தபோது குஹன் ஓடங்களை அவனுக்கே ஒப்பித்தான். அர்ஜுநனும் முடிவில் உன் சொற்படி செய்கிறேன் என்று நின்றான். ஸ்ரீவிபீஷண சரணாகதியை விரித்து அபயப்ரதானஸாரம் அருளிச்செய்த வேதாந்த தேசிகனுடைய நோக்கு முழுவதும் அவனுடைய அந்த விரதத்தின்மேலேயே நிற்கிறது. பரிவு எவ்வளவு பெரிதானாலும் அவ்விரதத்துக்கு உட்பட்டது. இவ்வெல்லையை மறந்து, எம்பெருமானைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு சக அடியார்களை ஐயுறுவதும், ஒரே பெருமாள் திருமுன்பே ஒருவரை ஒருவர் தள்ளுவதும் குஹனுடைய இரவை மட்டும் கற்று, விடிந்த பின்பு அவன் செய்ததைக் கற்காத குறையாகும்.

சொன்னபடி நடந்த நாள்

மங்களாசாஸனத்தை ஸூத்ரங்களாக அருளிச்செய்த பிள்ளை லோகாசார்யருக்கு, அதைச் செய்து காட்டும் காலமும் வந்தது. 1323-இல் டில்லி ஸுல்தானுடைய படை திருவரங்கத்தை நெருங்கியது. பெரிய பெருமாள் ஸந்நிதி கல்லால் மறைக்கப்பட்டது. மிக்க முதுமையில் இருந்த லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். காட்டு வழியில் கொள்ளையரிடத்தில் கைப்பொருளை இழந்தும் நம்பெருமாளை விடாமல் நடந்து, மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடி சேர்ந்து, அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியதைக் காண அவர் இல்லை.

அதே ஆபத்தில் ஸுதர்சந பட்டர் தம் ச்ருதப்ரகாசிகையையும் இரண்டு பிள்ளைகளையும் வேதாந்த தேசிகனிடத்தில் ஒப்படைத்தார் என்றும், தேசிகன் பிணங்களுக்கிடையே அவர்களோடு மறைந்திருந்து அவ்விரவைக் கழித்தார் என்றும் குருபரம்பரை கூறும். பின்பு ஸத்யமங்கலத்தில் அவர் அருளிச்செய்த அபீதிஸ்தவம், அச்சமின்மை என்னும் பெயரையே தாங்கியது. அந்த ஸ்தோத்ரம் தன் அச்சம் தீர வேண்டுவதோடு நிற்கவில்லை. திருவரங்கத்துக்கு வந்த அச்சம் தீரவேண்டும் என்பதில் சென்று முடிகிறது. 1371-இல் கோபணார்யர் முயற்சியால் நம்பெருமாள் மீண்டும் எழுந்தருளினார்.

எல்லாரையும் காக்கிறவனைச் சுமந்துகொண்டு ஓடுவானேன், அவனே தன்னைக் காத்துக்கொள்ளானோ என்ற கேள்வி அன்றும் எழுந்திருக்கும். அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் தன்னை அடியார் கையில் ஒப்படைத்து, அவர்கள் நீராட்டினால் நீராடி, அமுது செய்வித்தால் அமுது செய்து, முழுதும் அவர்களுக்கு வசப்பட்டிருக்கிறான். தன்னைக் காக்கவேண்டும்படியான நிலையை அவனே விரும்பி ஏற்றான். தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அவனுடைய சக்தியைப் பார்த்தால் ஆழ்வாருடைய அச்சத்துக்கு இடமில்லை. அவனுடைய ஸௌலப்யத்தைப் பார்த்தால் அவ்விடத்தை அவனே உண்டாக்கித் தந்தான். பரமபதத்தை விட்டு மதுரை வீதிக்கு மேலே வந்து நின்றது அவன் செயல். தேர்த்தட்டில் ஆயுதமின்றி அமர்ந்ததும் அவன் செயல். அவன் உண்டாக்கின அவ்விடத்தை ஆழ்வார் கண்டார். முதல் அத்யாயத்து அர்ஜுநன் காணவில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் நோயாகவும் மற்றோரிடத்தில் பெருமையாகவும் நின்றதற்குக் காரணம் இதுவே.

முடிவு

ஆகவே ஸம்ப்ரதாயத்தில் தைரியம் என்பது அச்சம் அற்ற நெஞ்சுக்குப் பெயராக வரவில்லை. தன்னைப் பற்றிய அச்சத்தை அவனிடத்தில் வைத்துவிட்டு, அவனையும் அவன் அடியாரையும் பற்றி அஞ்சி, அவ்வச்சம் செய்விக்கும் தொண்டைச் செய்து, அவன் வாக்கு வந்தபோது அடங்குகையே தைரியம். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அது உதாஸீநமாகவோ ஸாஹஸமாகவோ வேறுபடும்.

இதை விட்டு, ப்ரபந்நன் அஞ்சலாகாது என்று மட்டும் உபதேசிப்பதால் ஒரு தீங்கு விளைகிறது. மூப்பாலும் நோயாலும் நடுங்குகிற அடியவர்கள், தமக்கு விச்வாஸம் இல்லை போலும் என்று வெட்கி, அச்சத்தை மறைக்கத் தொடங்குகிறார்கள். மறைத்த அச்சம் அவனிடத்தில் வைக்கப்பட்ட அச்சம் ஆகாது. அவர்களுக்குப் பெரியாழ்வாரே துணை. எம்பெருமானுக்காக அஞ்சின அவர், பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தின் பத்தாம் திருமொழியில் தமக்காகவும் அஞ்சுகிறார். இறுதிக் காலத்தில் நெஞ்சு தடுமாறும், யமபடர் நெருங்குவர், அப்போது உன்னை நினைக்க இயலாது போகலாம் என்பதால், தெளிவுள்ள போதே அரவணைப் பள்ளியானிடத்தில் விண்ணப்பித்து வைக்கிறார். இரண்டு அச்சங்களும் ஒரே திருவாக்கில் வந்தன. இரண்டையும் அவர் மறைத்திலர். தமக்கு உண்டான அச்சத்தைத் திருவரங்கனிடத்தில் ஒப்படைத்தார். அவனைப் பற்றி உண்டான அச்சத்தைத் தம்மிடத்திலே வைத்துக்கொண்டார். ஸேவாகாலந்தோறும் திருப்பல்லாண்டை முதலில் தொடங்குகிற கோஷ்டி, அந்த இரண்டாவது அச்சத்தையே அவரிடமிருந்து ஏற்றுக்கொண்டு வருகிறது.